ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கப் பல வழிகள்: எதில் திரும்பி வர முடியும்?

விண்டோஸில் ஏதோ ஓர் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கிறது. தேடிப் பார்த்தால் "ரெஜிஸ்ட்ரியில் இந்த மதிப்பை 0 ஆக்குங்கள்" என்று ஒரு வரி கிடைக்கிறது. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் களஞ்சியம். அந்த ஒரு வரியை நிறைவேற்றவே பல வழிகள் இருக்கின்றன: செட்டிங்ஸ் திரை, குரூப் பாலிசி, ரெஜிஸ்ட்ரி எடிட்டர், ரெக் கோப்பு, கட்டளை வரி. "ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு வரும் வெளி மென்பொருள்களும் உண்டு. எந்த வழியில் போனாலும் மாற்றம் கடைசியில் எழுதப்படுவது ஒரே இடத்தில்தான். ஆனால் பிழை நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் பாதை ஒவ்வொன்றிலும் வேறு. பெரும்பாலோர் எது சீக்கிரம் முடியும் என்று பார்த்தே வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எது நம்மைப் பத்திரமாகத் திரும்பி வரவிடும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒப்பீடு முழுக்க அந்த ஓர் அளவுகோலை வைத்துத்தான்.

முதலில், எங்கே எழுதுகிறோம்?

1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் ரெஜிஸ்ட்ரி மிகச் சிறிய அளவில் தொடங்கியது. எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பது போன்ற விவரங்கள்தான் அதில் இருந்தன. மற்ற அமைப்புகளெல்லாம் ஐஎன்ஐ எனப்படும் சாதாரண உரைக் கோப்புகளில் சிதறிக் கிடந்தன. விண்டோஸ் என்டி, விண்டோஸ் 95 ஆகியவற்றுக்குப் பிறகு இயங்குதளத்தின் அமைப்புகளும் வன்பொருள் விவரங்களும் பயனர் விருப்பங்களும் ஒரே கூரையின்கீழ் வந்துசேர்ந்தன.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்தால் இடப்பக்கம் ஐந்து கிளைகள் தெரியும். அவற்றில் நாம் மனத்தில் வைக்க வேண்டியவை இரண்டே. ஒன்று ஹெச்கீ கரண்ட் யூசர். இப்போது உள்ளே நுழைந்திருக்கும் பயனருக்கு மட்டும் உரியது. இன்னொன்று ஹெச்கீ லோக்கல் மெஷின்; கணினி முழுமைக்கும் உரியது. மற்ற கிளைகளில் பெரும்பகுதி இவற்றையே வேறு கோணத்தில் காட்டுபவை. பயனர் கிளை அந்தப் பயனரின் கோப்புறையிலுள்ள என்டியூசர் டாட் என்ற கோப்பில் இருக்கிறது. கணினிக்கான பகுதிகள் விண்டோஸ் கோப்புறைக்குள், சிஸ்டம்32இன் உள்ளே, கான்ஃபிக் என்ற கோப்புறையில் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி என்று தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. இவற்றுக்கு ஹைவ் என்று பெயர்.

இந்தப் பிரிவினை தெரிந்தால் ஆபத்தின் அளவும் தெரிந்துவிடும். பயனர் கிளையில் செய்த பிழை பெரும்பாலும் அந்த ஒரு பயனரோடு நின்றுவிடும். வேறொரு பயனராக நுழைந்து சரிசெய்யலாம். கணினிக் கிளையில், அதிலும் சிஸ்டம் பகுதியில் செய்யும் பிழை கணினியைத் துவங்கவே விடாமல் செய்துவிடக்கூடும். அங்கே கரண்ட் கன்ட்ரோல் செட் என்பதன் கீழ் சர்வீசஸ் என்றொரு கீ இருக்கிறது. கீ என்பது மதிப்புகளை உள்ளே வைத்திருக்கும் கோப்புறை போன்றது. பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சேவைக்கும், வன்பொருளை இயக்கும் மென்பொருளான ஒவ்வொரு டிரைவருக்கும் அதில் 'ஸ்டார்ட்' என்று ஒரு மதிப்பு: 0 என்றால் துவக்கத்தின் முதல் கட்டத்திலேயே ஏற்றப்படும், 2 என்றால் தானாகத் தொடங்கும், 3 என்றால் கேட்கும்போது மட்டும், 4 என்றால் முடக்கப்பட்டது. வட்டைப் படிக்கும் டிரைவர் ஒன்றில் 0 இருந்த இடத்தில் 4 போட்டுவிட்டால், அடுத்த முறை துவங்கும்போது விண்டோஸால் தன் வட்டையே படிக்க முடியாமல் போகலாம். மாற்றியது ஓர் இலக்கம்தான். ஆகவே ஒரு குறிப்பைப் பார்த்ததும் முதலில் கவனிக்க வேண்டியது, அது எந்தக் கிளையைத் தொடச் சொல்கிறது என்பதைத்தான்.

செட்டிங்ஸ் திரையும் குரூப் பாலிசியும்

ரெஜிஸ்ட்ரியில் மாற்றச் சொல்லும் குறிப்புகளில் கணிசமானவற்றுக்கு ரெஜிஸ்ட்ரி பக்கமே போக வேண்டியதில்லை. கோப்புப் பெயர்களின் பின்னொட்டை எப்போதும் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயனர் கிளையில் எக்ஸ்புளோரர், அட்வான்ஸ்ட் என்று ஆழமாகப் போய் 'ஹைட் ஃபைல் எக்ஸ்ட்' என்ற மதிப்பை 1இலிருந்து 0 ஆக்கலாம். ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஒரு தேர்வுக்குறி வைத்தாலும் அதே மதிப்புதான் மாறுகிறது. மெனு வழியாகப் போனால் எக்ஸ்புளோரருக்கு உடனே தகவல் போகிறது. தவறான எண்ணை உள்ளிட அங்கே வாய்ப்பே இல்லை; வேண்டாமென்றால் குறியை எடுத்துவிட்டால் போதும். திரும்பி வரும் பாதை இதைவிட எளிதாக இருக்க முடியாது. திரையில் ஒரு பொத்தான் இருக்கும்போது ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்குவதற்கு நியாயமே இல்லை.

திரையில் இல்லாதவற்றுக்கு அடுத்து நான் பரிந்துரைப்பது குரூப் பாலிசி, அதாவது விண்டோஸின் அமைப்புகளைக் கொள்கைகளாகப் பட்டியலிட்டு மாற்றவிடும் கருவி. இது கிடைப்பது புரோ, என்டர்பிரைஸ் போன்ற பதிப்புகளில். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் இல்லை. இதன் பலம், ஒவ்வொரு கொள்கைக்கும் மூன்று நிலைகள் இருப்பது: அமைக்கப்படவில்லை, இயக்கப்பட்டது, முடக்கப்பட்டது. முதல் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. "முடக்கப்பட்டது" என்பதும் ஓர் ஆணையே. பல கொள்கைகளில் அதுவும் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படும். "அமைக்கப்படவில்லை" என்று வைத்தால்தான் அந்தக் கொள்கை எழுதிய மதிப்பு நீக்கப்பட்டு, விண்டோஸ் தன் இயல்புக்குத் திரும்பும். கொள்கைகள் பெரும்பாலும் பாலிசீஸ் என்ற தனிக் கீயின் கீழ் எழுதப்படுவதால் பயனரின் சொந்த விருப்பங்களோடு அவை கலப்பதில்லை. கூடவே, ஒவ்வொரு கொள்கைக்கும் பக்கத்திலேயே விளக்கமும், எந்தப் பதிப்பிலிருந்து அது செல்லுபடியாகும் என்ற குறிப்பும் இருக்கின்றன. யாரோ எழுதிவைத்த வரியை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஹோம் பதிப்பில் அதே பாலிசீஸ் கீயில் கையால் மதிப்பை எழுதினாலும் பல கொள்கைகள் வேலை செய்யும், சில செய்யாது. ஆனால் கையால் எழுதியது குரூப் பாலிசி எடிட்டரின் கணக்கில் வராது. புரோ பதிப்பு வைத்திருப்பவர் இரண்டு வழிகளையும் கலந்து பயன்படுத்தினால், எடிட்டரில் "அமைக்கப்படவில்லை" என்று இருக்கும், நடைமுறையில் மாற்றம் அமலில் இருக்கும். பின்னால் காரணம் தேடித் திண்டாட வேண்டிவரும். ஒரு மாற்றத்தை எந்த வழியில் செய்தீர்களோ அதே வழியில்தான் திரும்பப் பெற வேண்டும்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டர்

இதைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் "ஆபத்து" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். எது ஆபத்து என்று சொல்வதில்லை. இதில் 'செயல்நீக்கு' இல்லை. 'சேமி' என்ற பொத்தானும் இல்லை. ஓகே அழுத்திய கணமே மாற்றம் எழுதப்பட்டுவிடுகிறது. ஆவணம் எழுதும் மென்பொருளில் பழகிய கை, பிடிக்காவிட்டால் சேமிக்காமல் மூடிவிடலாம் என்று எதிர்பார்க்கும். இங்கே அது நடக்காது.

அதைவிடச் சிக்கலானது, நாம் கொடுக்கும் பெயரும் வகையும் சரிதானா என்று ரெஜிஸ்ட்ரி பார்ப்பதில்லை என்பது. பயனர் கிளையில் கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்ற கீயில் 'மெனு ஷோ டிலே' என்று ஒரு மதிப்பு உண்டு. துணை மெனு விரிவதற்கு முன் எத்தனை மில்லி விநாடி காத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது, இயல்பாக 400. எண் என்பதால் எண்களுக்கான டீவேர்ட் வகையாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் அது ஸ்ட்ரிங் வகை; எழுத்துகளாகச் சேமிக்கப்பட்ட எண். யாராவது பழையதை அழித்துவிட்டு டீவேர்டாகப் புதிதாக உருவாக்கினால் எடிட்டர் மறுக்காது, எச்சரிக்கவும் செய்யாது. பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் அப்படியே. அந்தப் பிழையான பெயரில் புதிய மதிப்பு ஒன்று பிறக்கும், யாரும் அதைப் படிக்கப்போவதில்லை. "செய்து பார்த்தேன், வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை வகையும் எழுத்துகளும். மூன்றாவதாக, சைன் அவுட் செய்து மீண்டும் நுழைந்தார்களா என்பது. இந்த மதிப்பு அதற்குப் பிறகே நடைமுறைக்கு வருகிறது.

டீவேர்ட் மதிப்பைத் திருத்தும் சிறு பெட்டியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். எண்ணை எழுதும் இடத்துக்கு அருகே ஹெக்ஸாடெசிமல், டெசிமல் என்று இரண்டு தேர்வுகள். இயல்பாகத் தேர்வாகியிருப்பது ஹெக்ஸாடெசிமல், அதாவது பதினாறுநிலை எண்முறை. முப்பது நிமிடம் என்று நினைத்து 30 என்று தட்டினால் உள்ளே போவது 48. குறிப்புகளில் பெரும்பாலானவை 0 அல்லது 1 போடச் சொல்பவை. இரண்டு முறைகளிலும் அவை ஒன்றே என்பதால் இந்தப் பொறி கண்ணில் படுவதே இல்லை. பெரிய எண் வரும் அன்றைக்குத்தான் மாட்டிக்கொள்கிறோம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, எடிட்டரே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஒரு மதிப்பை மாற்ற, அதிலும் பயனர் கிளையில் மாற்ற, இதுவே நேரான வழி. மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறதே, அது பெரிய நன்மை. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து மேலே முகவரிப் பட்டையும் வந்துவிட்டது. பாதையை ஒட்டினால் நேரே அங்கே போய்விடலாம், மரத்தில் ஒவ்வொரு கிளையாக விரித்துப் போகும்போது பக்கத்துக் கீயில் தவறி விழும் அபாயம் இல்லை. பழைய மதிப்பையும் அதன் வகையையும் ஒரு காகிதத்திலோ உரைக் கோப்பிலோ எழுதிவைத்துக்கொண்டு மாற்றுங்கள். அந்த மதிப்பு முன்பு அங்கே இல்லவே இல்லை என்றால் அதையும் எழுதிவையுங்கள். அப்போது திரும்பி வருவது என்றால் பழைய எண்ணைப் போடுவது அல்ல, மதிப்பையே அழிப்பது.

ரெக் கோப்பு

மதிப்புகள் இரண்டு மூன்றுக்கு மேல் போனால் என் தேர்வு ரெக் கோப்புதான். ஒரு நிபந்தனை: அது நீங்களே எழுதியதாக, அல்லது வரிக்கு வரி படித்ததாக இருக்க வேண்டும்.

இது ரெஜிஸ்ட்ரியில் செய்ய வேண்டிய மாற்றங்களை எழுதிவைக்கும் கோப்பு; நோட்பேடில் திறக்கக்கூடிய சாதாரண உரை. முதல் வரி "விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் வெர்ஷன் 5.00" என்ற ஆங்கிலத் தலைப்பு. பிறகு ஒரு வெற்று வரி. அதன்கீழ் சதுர அடைப்புக்குறிக்குள் கீயின் முழுப் பாதை. அடுத்த வரிகளில் மதிப்பின் பெயர், சமக்குறி, மதிப்பு. டீவேர்ட் எண்கள் இங்கே எப்போதும் பதினாறுநிலையில்தான் இருக்கும். பதினாறு வேண்டுமென்றால் 00000010 என்று எழுத வேண்டும். சமக்குறிக்குப் பின் ஒரு கழித்தல் குறி மட்டும் இருந்தால் அந்த மதிப்பு அழிக்கப்படும். சதுர அடைப்புக்குறி திறந்தவுடனேயே கழித்தல் குறி வந்தால், அந்தக் கீயும் அதற்குள் இருக்கும் அத்தனையும் போய்விடும். ஒரு சிறு கோடு ஒரு மரத்தையே வெட்டிவிடுகிறது. வேறொருவர் தந்த ரெக் கோப்பை டபுள் கிளிக் செய்தால், அனுமதி கேட்டுவிட்டு நேரே ரெஜிஸ்ட்ரியில் சேர்க்கத் தொடங்கிவிடும். ஆகவே எப்போதும் ரைட் கிளிக் செய்து 'எடிட்' கொடுத்து, நோட்பேடில் முழுதும் படியுங்கள். கழித்தல் குறிகளைத் தேடுங்கள். புரியாத வரி ஒன்று இருந்தாலும் அந்தக் கோப்பு வேண்டாம்.

திரும்பி வரும் பாதையில் இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கை உலவுகிறது. "மாற்றும் முன் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து (ரெக் கோப்பாக எடுத்து) வைத்துக்கொள்ளுங்கள்; பிரச்சினை வந்தால் அந்தக் கோப்பை டபுள் கிளிக் செய்தால் பழைய நிலை வந்துவிடும்" என்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. ரெக் கோப்பை உள்ளே கொண்டுவருவது என்பது கலப்பதுதான், மாற்றி வைப்பது அல்ல. கோப்பில் இருக்கும் மதிப்புகள் பழையபடி ஆகும். அதன் பிறகு நீங்கள் புதிதாகச் சேர்த்தவை அப்படியே அங்கேயே இருக்கும். பிரச்சினைக்குக் காரணமே புதிதாகச் சேர்த்த மதிப்பு என்றால், எக்ஸ்போர்ட் செய்த கோப்பை எத்தனை முறை கிளிக் செய்தாலும் அது போகாது.

அதனால்தான் ரெக் கோப்புகளை ஜோடியாக எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். ஒன்று மாற்றுவதற்கு, இன்னொன்று திரும்புவதற்கு. முதல் கோப்பில் புதிதாக உருவாகும் ஒவ்வொரு மதிப்புக்கும் இரண்டாம் கோப்பில் கழித்தல் குறியோடு ஒரு வரி; ஏற்கனவே இருந்து மாறும் ஒவ்வொன்றுக்கும் பழைய மதிப்போடு ஒரு வரி. முதல் கோப்பை இயக்கும் முன்பே இரண்டாவதை எழுதிவிடுங்கள். அரைக்கால்புள்ளியில் தொடங்கும் வரிகள் குறிப்புரையாகக் கருதப்படுவதால், எதற்காக, எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்பதையும் அதே கோப்பில் எழுதலாம். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒன்று விசித்திரமாக நடக்கும்போது, அந்தக் குறிப்பின் அருமை தெரியும்.

கட்டளை வரி

பல கணினிகளில் ஒரே மாற்றத்தைச் செய்பவர்களுக்கு, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் ரெக் கட்டளையும் பவர்ஷெல்லும் தவிர்க்க முடியாதவை. ஒரே கணினிக்கு இவை அவசியமில்லை என்றே நினைக்கிறேன். பவர்ஷெல்லில் 'வாட் இஃப்' என்ற சொல்லைச் சேர்த்தால், எதையும் மாற்றாமல் என்ன மாறும் என்று மட்டும் சொல்லும். மேலே சொன்ன எந்த வழியிலும் இந்த முன்னோட்டம் இல்லை. அதே பவர்ஷெல்லில் 'நியூ ஐட்டம்' கட்டளையோடு 'ஃபோர்ஸ்' சேர்த்து ஏற்கனவே இருக்கும் கீயின் பெயரைக் கொடுத்தால், அதிலிருந்த மதிப்புகள் போய், வெற்றுக் கீ ஒன்று அதன் இடத்தில் நிற்கும். கீ இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் உருவாக்கும்படி எழுதுங்கள்.

இன்னொன்று: சாதாரணப் பயனராக நுழைந்திருக்கும்போது, வேறோர் அட்மினிஸ்ட்ரேட்டரின் கடவுச்சொல்லைக் கொடுத்து கட்டளைச் சாளரத்தைத் திறந்தால், அங்கே ஹெச்கீ கரண்ட் யூசர் என்பது அந்த அட்மினிஸ்ட்ரேட்டரின் கிளை. கட்டளை வெற்றி என்று சொல்லும், உங்கள் கணக்கில் ஒன்றும் மாறியிருக்காது. எடிட்டரையும் ரெக் கோப்பையும் அப்படித் திறந்தாலும் இதே கதைதான்.

சுத்தம் செய்கிறோம் என்பவை

ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் வேண்டாம். இத்தகைய மென்பொருள்களைப் பயன்படுத்துவதை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. பயனற்றுக் கிடக்கும் சில நூறு மதிப்புகளை நீக்குவதால் கணினியின் வேகத்தில் உணரும்படியான மாற்றம் வராது. எதை அழித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் எதைத் திருப்பி வைப்பது என்பதும் தெரியாது.

எந்தப் பேக்கப்?

கீயை மட்டும் எக்ஸ்போர்ட் செய்வதன் எல்லையைப் பார்த்தோம். அடுத்தது ரெஸ்டோர் பாயின்ட். ரெஜிஸ்ட்ரியையும் கணினிக் கோப்புகளையும் டிரைவர்களையும் சேர்த்து ஒரு தேதிக்குத் திருப்பிக் கொண்டுபோகும்; உங்கள் ஆவணங்களைத் தொடாது. கணினிக் கிளையில் கைவைக்கும் யாருக்கும் இது கட்டாயம். ஆனால் பல கணினிகளில் இந்த வசதி அணைந்தே கிடக்கிறது. சிஸ்டம் புரொடெக்‌ஷன் பகுதியில் பார்த்து இயக்குங்கள். பவர்ஷெல் வழியாக உருவாக்கினால், இயல்பு அமைப்பில் 24 மணி நேரத்துக்கு ஒன்றுதான் அனுமதிக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலையில் ஒன்று எடுத்தாகிவிட்டதென்றால் மாலையில் கொடுத்த கட்டளை புதியதை உருவாக்கியிருக்காது.

விண்டோஸ் தானாகவே ரெஜிஸ்ட்ரியைப் பேக்கப் எடுத்து ரெக்பேக் கோப்புறையில் வைத்திருக்கும் என்று பழைய குறிப்புகளில் படித்து நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்த வழக்கம் நிறுத்தப்பட்டுவிட்டது. கோப்புறை இருக்கும், கோப்புகளும் இருக்கக்கூடும், அவற்றின் அளவு பூஜ்யம். அதை நம்பி இறங்காதீர்கள். வேலை நின்றுபோனால் தாங்காது என்ற நிலையிலுள்ள கணினி என்றால் முழு வட்டையும் அப்படியே நகலெடுக்கும் இமேஜ் பேக்கப்தான் உறுதியான துணை. நேரமும் இடமும் அதிகம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

துவங்கவே இல்லை என்றால்

துவங்குவதில் தொடர்ந்து தோல்வியுற்றால் விண்டோஸ் தானாகவே மீட்புச் சூழலுக்குள் போகும். வட்டு பிட்லாக்கரால் (விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதி) பூட்டப்பட்டிருந்தால் அங்கே மீட்புச் சாவியைக் கேட்கும். அதை அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்து வைத்திருப்பதில் பயனில்லை. ரெஜிஸ்ட்ரியைத் தொடும் முன்பே வேறோர் இடத்தில் எடுத்துவையுங்கள். ரெஸ்டோர் பாயின்ட் இருந்தால் முதலில் அதை முயலுங்கள்.

அது இல்லை, எந்த மதிப்பை மாற்றினோம் என்பது மட்டும் தெரியும் என்றால் இன்னொரு வழி மிச்சமிருக்கிறது. மீட்புச் சூழலின் கமாண்ட் பிராம்ப்ட்டில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறக்கலாம். அங்கே தெரிவது மீட்புச் சூழலின் சொந்த ரெஜிஸ்ட்ரி, உங்களுடையது அல்ல. ஹெச்கீ லோக்கல் மெஷினைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் 'லோட் ஹைவ்' கொடுத்து, உங்கள் விண்டோஸ் இருக்கும் வட்டின் கான்ஃபிக் கோப்புறையிலிருந்து சிஸ்டம் கோப்பைத் திறந்து, ஏதாவதொரு தற்காலிகப் பெயர் கொடுங்கள். வட்டின் எழுத்து வழக்கமான சி ஆக இல்லாமல் மாறியிருக்கலாம். திறந்த ஹைவில் கரண்ட் கன்ட்ரோல் செட் என்ற கீ இருக்காது. கன்ட்ரோல் செட் 001 போன்ற பெயர்தான் இருக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால், செலக்ட் என்ற கீயிலுள்ள 'கரண்ட்' மதிப்பு எந்த எண் நடப்பில் உள்ளது என்று சொல்லும். மாற்றிய மதிப்பைப் பழையபடி ஆக்கி, தற்காலிகப் பெயரைத் தேர்ந்தெடுத்து 'அன்லோட் ஹைவ்' கொடுத்துவிட்டு, கணினியை மறுபடி துவக்குங்கள்.